வீடு எரிந்தவர் கை நீட்டலாமா? தீ விபத்துக்குப் பின் மார்க்கமும் சட்டமும் சொல்வது

2025 ஜனவரி 7ஆம் தேதி மாலை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரை ஒட்டிய மலையடிவாரத்தில் பற்றிய காட்டுத் தீ, அல்டடீனா என்ற ஊரை ஒரே இரவில் சாம்பலாக்கியது. 9,400க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அவற்றில் ஒன்று மஸ்ஜித் அத்தக்வா. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வூர் முஸ்லிம்கள் தொழுது வந்த பள்ளிவாசல் அது. வீடிழந்தவர்களில் பலர் தாய் தந்தை காலத்திலிருந்தே அதே வீட்டில் வாழ்ந்தவர்கள். கடன் வாங்காமல் தலைநிமிர்ந்து வாழ்ந்த அந்தக் குடும்பங்கள், விடிந்தபோது போட்டிருந்த துணியுடன் நிவாரண முகாமில் வரிசையில் நின்றன.

நம் புதுச்சேரியில் காடு இல்லை. காட்டுத் தீயும் இல்லை. ஆனால் முல்லா வீதியிலும் காஜியார் வீதியிலும் மரச்சட்டம் போட்டுக் கட்டிய பழைய வீடுகள் இன்னும் நிற்கின்றன. அறுபது வருடத்துக்கு முன் இழுத்த மின்கம்பியிலேயே ஏ.சி.யும் ஃபிரிட்ஜும் ஓடுகின்றன. ஊரின் ஓரங்களில் ஓலைக் குடிசைகளும் உண்டு. சமையல் எரிவாயு, கொசுவர்த்திச் சுருள், இரவெல்லாம் சார்ஜில் கிடக்கும் ஸ்கூட்டர் பேட்டரி என்று தீ வர இங்கே வேறு வாசல்கள் இருக்கின்றன. எரிந்து முடிந்தபின் அந்தக் குடும்பத்துக்கு வரும் கேள்வி மட்டும் அங்கும் இங்கும் ஒன்றுதான். யாரிடம் போய்க் கேட்பது? கேட்கலாமா?

பள்ளிவாசலில் நாம் அடிக்கடி காண்பது இது. நேற்றுவரை ஜகாத் கொடுத்து வந்த மனிதர் இன்று அறிவிப்பு செய்யச் சொல்ல வெட்கப்பட்டு, கடைசி ஸஃப்பில் உட்கார்ந்து விட்டு எழுந்து போய்விடுகிறார். கேட்டுப் பழகியவர்களோ கதவோரம் நின்று வாங்கிச் செல்கிறார்கள். யாசகம் கூடாது என்று பயான்களில் நாமே பல தடவை சொல்லியிருக்கிறோம். யாருக்குக் கூடும் என்பதை அதே அழுத்தத்துடன் சொன்னோமா என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

கபீஸா (ரலி) அவர்களின் ஹதீஸ்

முஸ்லிம் ஷரீஃபில் பதிவான ஒரு செய்தி இந்த விஷயத்தின் அடித்தளம். கபீஸா பின் முகாரிக் (ரலி) அவர்கள் இரு தரப்பாரின் சண்டையைத் தீர்க்க ஒரு தொகைக்குப் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். அதைக் கட்ட வழியில்லாமல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து நின்றார்கள். ஸதகா பொருள் வரும்வரை இருக்கும்படியும், வந்ததும் தரச் சொல்வதாகவும் நபியவர்கள் கூறினார்கள். பிறகு, கேட்பது மூன்று பேருக்குத்தான் ஆகும் என்று விளக்கினார்கள். பிறருக்காகப் பொறுப்பேற்றுக் கடன்பட்டவர் ஒருவர். பேரிழப்பு வந்து சொத்தை அடியோடு அழித்துவிட்டவர் இரண்டாமவர். வறுமை வந்துவிட்டது என்று தன் சமூகத்தின் அறிவுடையோர் மூவர் சாட்சி சொல்லும் நிலையில் இருப்பவர் மூன்றாமவர். வீடு எரிந்தவர் இந்த இரண்டாவது வகையில் வருகிறார். வாழ்க்கைக்குத் தாங்கலாக ஒன்று கிடைக்கும்வரை அவர் கேட்கலாம் என்பதே அங்கே சொல்லப்பட்ட எல்லை.

இந்த ஹதீஸில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மூன்றாமவருக்கு மூன்று சாட்சிகள் வேண்டும் என்ற நபியவர்கள், இரண்டாமவருக்குச் சாட்சி எதுவும் கேட்கவில்லை. வெள்ளமும் தீயும் ஊரறிய வருபவை, மறைக்க முடியாதவை என்பதே அதன் காரணம் என்று விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே தெருவே கூடி நின்று பார்த்த ஒரு தீ விபத்துக்குப் பிறகு அந்த வீட்டாரை ஜமாஅத் அலுவலகத்தில் உட்கார வைத்து, நகை எவ்வளவு இருந்தது, மகன் வெளிநாட்டிலிருந்து எவ்வளவு அனுப்புகிறான் என்று நாலு பேர் முன்னால் விசாரிப்பது தேவையற்றது. தொகையை முடிவு செய்யத் தகவல் வேண்டுமானால் ஒருவர் தனியாகப் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

அல்பகரா அத்தியாயத்தின் 273ஆம் வசனமும் இப்படிப்பட்டவர்களைப் பற்றிப் பேசுகிறது. அவர்கள் கையேந்தாததால் அறியாதவர்கள் அவர்களைச் செல்வந்தர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். முகத்தைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். கடைசி ஸஃப்பில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனவர் இவர்தான்.

சொல்லக் கூடாத ஆறுதல்கள்

எரிந்த வீட்டு வாசலில் துக்கம் விசாரிக்க வருபவர்களில் சிலர், ஜகாத்தை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் இப்படி வந்திருக்காது என்று காதோரம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அபுத்தர்தா (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கிறார்கள் வேறு சிலர். வீடு எரிந்துவிட்டதாக அவரிடம் சொல்லப்பட்டபோது, எரிந்திருக்காது, காலையில் நான் ஓதிய வார்த்தைகள் அப்படிப்பட்டவை என்று அவர் கூறியதாக வரும் செய்தி அது. இப்னுஸ் ஸுன்னியின் நூலில் வரும் அந்த அறிவிப்பின் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியுள்ளனர். காலை துஆக்களை ஓதுவது நல்லது, அதில் பேச்சில்லை. ஆனால் வீட்டை இழந்து நிற்பவரிடம் இதை அனுப்பினால், நீங்கள் ஓதவில்லை, அதனால் எரிந்தது என்றுதான் அவர் காதில் விழும்.

மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலே இரண்டு முறை எரிந்திருக்கிறது. ஹிஜ்ரி 654இல், அதாவது 1256இல், ரமலானின் தொடக்கத்தில், விளக்குடன் பொருள் வைக்கும் அறைக்குள் போன ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் கூரையே போயிற்று. மீண்டும் ஹிஜ்ரி 886இல், 1481ஆம் ஆண்டில், மினாராவில் இடி விழுந்து தீப்பற்றியது. மதீனாவின் வரலாற்றை எழுதிய இமாம் ஸம்ஹூதி அவர்கள் அப்போது மக்காவுக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள் எரிந்து போயிருந்தன. மிஸ்ரின் சுல்தான் காயித்பாய் பெரும் பொருள் செலவழித்துப் பள்ளியைத் திரும்பக் கட்டினார். அந்தப் பள்ளிக்கும் அந்த ஆலிமுக்கும் நேர்ந்ததைத் தண்டனை என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

எரிந்த தோட்டம் யாருக்கு உவமை?

குர்ஆனில் காட்டுத் தீக்கு மிக நெருக்கமான காட்சி அல்பகராவின் 266ஆம் வசனத்தில் இருக்கிறது. பேரீச்சையும் திராட்சையும் நிறைந்த, கீழே ஆறு ஓடும் தோட்டம் ஒருவருக்கு. அவருக்கு முதுமை வந்துவிட்டது. பிள்ளைகளோ ஒன்றும் இயலாத சிறுவர்கள். அந்த நேரம் பார்த்து நெருப்புச் சுழற்காற்று அடித்து எல்லாம் எரிந்து போகிறது. மறுபடி நட்டு வளர்க்க அவருக்கு வயதில்லை. உதவப் பிள்ளைகளுக்குப் பலமில்லை. நீண்ட காலம் வாழ்ந்த வீட்டை அறுபது வயதில் இழந்தவரின் நிலை அப்படியே இதில் இருக்கிறது.

ஆனால் இந்த உவமை யாரைப் பற்றியது? உமர் (ரலி) அவர்கள் ஒரு நாள் சபையில் இதைக் கேட்டபோது, வயதில் இளையவரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இது ஓர் அமலுக்குச் சொல்லப்பட்ட உதாரணம் என்றார்கள் (புகாரி). நல்லமல் செய்து வந்து, கடைசியில் அதைத் தானே அழித்துக்கொள்பவனின் உதாரணம். இரண்டு வசனங்களுக்கு முன்னால் 264ஆம் வசனத்தில், கொடுத்ததைச் சொல்லிக் காட்டியும் மனதை நோகடித்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்ற எச்சரிக்கை வருகிறது. சொத்தை இழந்தவரை விட்டுவிட்டு, கொடுத்தும் கெடுத்துக்கொண்டவரைத்தான் வசனம் எரிந்த தோட்டக்காரர் என்கிறது.

இதை நினைவில் வைத்துக்கொண்டு நம் நிவாரணப் படங்களைப் பார்க்க வேண்டும். சாம்பலுக்கு நடுவில் வீட்டுப் பெண்மணியை நிற்க வைத்து, ஐந்து கிலோ அரிசிப் பையை ஆறு பேர் பிடித்துக்கொண்டு, பின்னால் பேனர். அந்தப் பெண்ணின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் வரை அந்தப் படம் போகிறது. கணக்குக்குப் படம் வேண்டும் என்று நிர்வாகிகள் சொல்வது புரிகிறது; நாமும் நிர்வாகத்தில் இருந்தவர்கள்தான். கையெழுத்திட்ட ரசீதும் வங்கிப் பரிமாற்றமும் கணக்குக்குப் போதும். வீட்டின் படம் வேண்டுமானால் எரிந்த சுவரை எடுங்கள், மனிதர்கள் வேண்டாம்.

எவ்வளவு கொடுப்பது? ஜகாத் சட்டங்கள்

தீயில் பொருளை இழந்தவர் ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் 'காரிமீன்' என்ற கடன்பட்டோர் வகையில் வருவார் என்று தாபியீன்களில் ஒருவரான முஜாஹித் (ரஹ்) கூறியதாகத் தஃப்ஸீர் நூல்களில் உள்ளது. வெள்ளம் பொருளை அடித்துச் சென்றவர், தீ பொருளை எரித்தவர், குடும்பத்துக்காகக் கடன் வாங்கியவர் ஆகிய மூவரையும் அவர் ஒன்றாகச் சேர்த்தே சொல்கிறார். கடன் இல்லாவிட்டாலும், கையில் ஒன்றுமில்லாமல் ஆனவர் ஃபகீர் அல்லது மிஸ்கீன் என்ற வகையில் வந்துவிடுவார்.

ஆனால் வீடு எரிந்தவர் எல்லோரும் தகுதியுள்ளவர் ஆகிவிட மாட்டார். வங்கியில் பெருந்தொகையும் வாடகைக்கு விட்ட கடைகளும் இருப்பவருக்கு ஜகாத் ஆகாது. அவருக்கு நம் துஆவும் நாலு நாள் சாப்பாடும் தங்க இடமும் போதும். ஹனஃபி மத்ஹபில் அத்தியாவசியத் தேவையும் கடனும் போக, நிஸாப் அளவு, அதாவது ஏறத்தாழ 612 கிராம் வெள்ளியின் மதிப்பு, மிஞ்சினால் அவர் ஜகாத் வாங்கக் கூடாது. எரிந்த வீட்டின் மனை அவர் குடியிருக்கத் தேவையானது என்பதால் அது இந்தக் கணக்கில் சேராது. மனையே இலட்சக்கணக்கில் போகுமே என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் வேண்டாம்.

ஷாஃபிஈ மத்ஹபில் பார்வை இன்னும் விரிவானது. ஏழைக்கு அவர் தேவையிலிருந்து வெளியே வரும் அளவு கொடுக்க வேண்டும்; தொழிலாளிக்கு அவர் தொழில் கருவியும் வியாபாரிக்கு முதலும் கொடுக்கலாம் என்று இமாம் நவவி (ரஹ்) எழுதுகிறார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டுவதும் மேலே சொன்ன கபீஸா (ரலி) அவர்களின் ஹதீஸைத்தான். தையல் மிஷின் எரிந்தவருக்குத் தையல் மிஷின், இட்லிக் கடை வைத்திருந்த பெண்ணுக்கு அடுப்பும் பாத்திரமும் என்று கொடுப்பது, நூறு பேருக்கு ஆளுக்கு ஐநூறு ரூபாய் பிரிப்பதைவிட இந்தச் சட்டத்துக்கு நெருக்கமானது. மஹல்லாவின் பைத்துல்மால் ஒரு வருடம் ஒரே ஒரு வீட்டைக் கட்டி முடித்தாலும் அது குறையல்ல.

ஜகாத் பொருளை அவர் கையில் உடைமையாக ஒப்படைக்க வேண்டும். ஜமாஅத்தே கொத்தனாருக்குக் கூலி கொடுத்துக் கட்டுவதாக இருந்தால், முதலில் அவரிடம் கொடுத்துவிட்டு அவர் சம்மதத்துடன் அவர் சார்பில் செலவழிப்பது பேணுதலான வழி. பெற்றோருக்கும் பெற்ற பிள்ளைகளுக்கும் ஜகாத் கொடுக்க முடியாது. அவர்களைத் தாங்குவது ஏற்கனவே நம் கடமை. தகுதியுள்ள அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, மாமி, சாச்சா, பெரியம்மாவுக்குக் கொடுக்கலாம், அதில் உறவைப் பேணிய நன்மையும் சேரும். வங்கி வட்டியாக வந்த பணத்தை இப்படிப்பட்ட ஏழைக்கு நன்மை எதிர்பார்க்காமல் கொடுத்து விடலாம் என்பது நம் உலமாக்களில் பலரின் ஃபத்வா. அதை ஜகாத் கணக்கில் எழுதக் கூடாது.

புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் அஷ்அரீ கூட்டத்தாரின் வழக்கம் நம் ஜமாஅத்துகள் எடுத்து நடத்தக்கூடியது. உணவு குறைந்தால் இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் சமமாக அளந்து பிரித்துக்கொள்வார்கள். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள் என்று நபியவர்கள் அவர்களைப் பாராட்டினார்கள். ஜும்ஆவுக்குப் பிறகு வாசலில் துண்டை ஏந்தி வசூலிக்கும்போது, அதை இழந்தவரே ஏந்தாமல் நிர்வாகி ஏந்தட்டும்.

அரசிடம் கேட்பது நம் உரிமை

ஜமாஅத் உதவும் என்று அரசு அலுவலகத்துக்குப் போகாமல் இருந்துவிடுவது நம்மவர்களிடம் உள்ள பெரிய தவறு. தீயணைப்புக்கு 101, எந்த அவசரத்துக்கும் 112. தீ அணைந்த பிறகு தீயணைப்புத் துறையின் அறிக்கையையும் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகலையும் வாங்கி வையுங்கள். பின்னால் வரும் எல்லா விண்ணப்பத்துக்கும் இந்த இரண்டு காகிதமும்தான் வேர். சாம்பலைக் கூட்டி அள்ளும் முன் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதே வாரத்தில் தாசில்தாருக்கு மனு கொடுத்து, வருவாய்த் துறையினர் நேரில் வந்து பார்வையிடச் செய்யுங்கள்.

ஒன்றிய அரசின் பேரிடர் நிவாரண விதிமுறையில் புயல், வெள்ளம், சுனாமியுடன் தீயும் ஒரு பேரிடர்தான். 2022–26 ஆண்டுகளுக்கான விதிப்படி, சமவெளியில் முழுதும் சேதமான வீட்டுக்கு 1,20,000 ரூபாய். பகுதி சேதமான கல்வீட்டுக்கு 6,500, கச்சா வீட்டுக்கு 4,000, குடிசைக்கு 8,000. வீட்டையே இழந்த குடும்பத்துக்குத் துணிமணிக்கு 2,500, பாத்திர பண்டத்துக்கு 2,500. உயிரிழப்புக்கு 4 இலட்சம். மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும் தத்தம் ஆணைப்படி இதை வழங்குகின்றன, சில வேளை கூட்டியும் தருகின்றன. 'முழுச் சேதம்', 'பகுதிச் சேதம்' என்ற ஒரு சொல்லில் இலட்ச ரூபாய் வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். பார்வையிட வருபவர் என்ன எழுதுகிறார் என்று பணிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கம் வேண்டாம்.

இதுபோக முதலமைச்சர் நிவாரண நிதிக்கும் மனு செய்யலாம். திரும்பக் கட்டுவதற்குப் புதுச்சேரி குடிசை மாற்று வாரியத்தின் மூலம் நடக்கும் பெருந்தலைவர் காமராஜர் நூற்றாண்டு கல்வீடு கட்டும் திட்டம் இருக்கிறது. தகுதியையும் தொகையையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். மனு, மேல்முறையீடு என்று போகவேண்டி வந்தால், சட்டப்பணிகள் ஆணையத்தில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டம் அது.

சிலிண்டரால் வந்த தீ என்றால் இன்னொரு வழி உண்டு, பலருக்கும் தெரியாதது. வீட்டு எரிவாயு வாடிக்கையாளர்களுக்காக எண்ணெய் நிறுவனங்கள் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. உயிரிழப்புக்கு ஆளுக்கு 6 இலட்சம், மருத்துவச் செலவுக்கு ஆளுக்கு 2 இலட்சம் வரை, வீட்டுச் சேதத்துக்கு 2 இலட்சம் வரை. நாம் தனியாகப் பிரீமியம் கட்டியிருக்க வேண்டியதில்லை. உடனே ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சொத்துச் சேதத்துக்கு விபத்து நடந்த இடம் கனெக்‌ஷன் பதிவான முகவரியாக இருக்க வேண்டும். மரணித்துப் பத்து வருடமான அத்தாவின் பெயரில், பழைய முகவரியில் கனெக்‌ஷன் ஓடும் வீடுகள் நம் தெருக்களில் ஏராளம். இன்றே போய்ப் பெயரையும் முகவரியையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எரிந்த காகிதங்கள்

வீட்டைவிடக் காகிதத்துக்காக அலைவது அதிகம். கிரயப் பத்திரம் எரிந்தால் உரிமை எரிந்துவிடாது. பதிவு செய்த பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறலாம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்தில் நொத்தேர் முன் எழுதிய பிரெஞ்சு மொழிப் பத்திரங்கள் சில குடும்பங்களில் இன்னும் மூலப் பிரதியாகவே அலமாரியில் இருக்கின்றன. பாட்டனார் காலத்துப் பத்திரம் என்று பட்டுத்துணியில் சுற்றி வைத்திருப்பவர்கள், அதை ஸ்கேன் செய்து வேறு ஊரில் இருக்கும் ஒரு பிள்ளையிடமும் கொடுத்து வையுங்கள். 1962க்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர்ந்த குடும்பங்கள், அவர்கள் பிறப்பு, திருமணப் பதிவுகளின் நகலைப் பிரான்சின் நாந்த் நகரிலுள்ள மைய அலுவலகத்திலிருந்து வரவழைக்க முடியும்.

ஆதார் அட்டையை எண் இருந்தால் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். பிள்ளைகளின் பழைய பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், அவர்கள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் எழுதியவர்கள் என்றால், சென்னையிலுள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் நகல் கிடைக்கும். அரைகுறையாகக் கருகிய ரூபாய் நோட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். மிகவும் கருகிய நோட்டை வங்கிக் கிளை மாற்றாது. சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் கொடுத்தால் பரிசீலித்துத் தருவார்கள். அதை நோண்டிப் பிரிக்காமல் அப்படியே ஒரு டப்பாவில் வைத்து எடுத்துப் போங்கள். தங்கம் உருகும், காணாமல் போகாது. பீரோ இருந்த இடத்துச் சாம்பலை வீட்டார் கண்முன்னே சலிக்கச் செய்யுங்கள்.

நிகாஹ் தஃப்தர் ஜமாஅத்தில் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறோம். அந்த தஃப்தரும் மர அலமாரியில்தான் இருக்கிறது. ஒரு வாரம் இரண்டு இளைஞர்களை உட்கார வைத்தால் ஐம்பது வருடப் பக்கங்களையும் செல்போனிலேயே படமெடுத்து விடலாம்.

பாகம் பிரிக்காத வீடு

நம் ஊரில் எரிந்த வீட்டைச் சுற்றி எழும் உண்மையான சண்டை இதில்தான். வீடு பாட்டனார் பெயரில். ஒரு மகன் அங்கேயே குடும்பத்தோடு இருக்கிறார். இன்னொருவர் பாரிஸில், ஒரு தங்கை காரைக்காலில், ஒரு தங்கை சிங்கப்பூரில். நாற்பது வருடம் யாரும் பாகம் கேட்கவில்லை. எரிந்த அன்று எல்லோரும் போனில் அழுதார்கள். நாற்பதாம் நாள் மனை யாருக்கு என்ற பேச்சு வந்தது.

மார்க்கச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. எரிந்துபோன கட்டடம் எல்லா வாரிசுக்கும் போன நஷ்டம். மனை இன்னும் எல்லோருக்கும் பொதுவான மீராஸ். அங்கே குடியிருந்தவர் என்பதால் அவருக்கு அதிகப் பங்கு வந்துவிடாது, தங்கைகளின் பங்கும் கரைந்துவிடாது. எரிந்த கட்டில், பீரோ, துணி, பாத்திரம், அவற்றுக்காக வந்த நிவாரணம் எல்லாம் அங்கே வாழ்ந்து இழந்தவருடையது. அதில் பாரிஸ் அண்ணனுக்குப் பங்கில்லை. ஜமாஅத்தும் நண்பர்களும் அந்தக் குடும்பத்துக்கென்று கொடுத்த பணம் வாங்கியவரின் தனி உடைமை, மீராஸ் அல்ல. கட்டடத்துக்கென்று அரசோ காப்பீடோ உரிமையாளருக்குத் தரும் தொகையில் மட்டும் மற்ற வாரிசுகள் பேச இடமுண்டு.

சிக்கல் திரும்பக் கட்டும்போது வருகிறது. மற்ற வாரிசுகளின் சம்மதமில்லாமல் ஒருவர் பொது மனையில் வசூல் பணத்தைப் போட்டுக் கட்டிவிட்டால், நாளைக்குப் பங்கு பிரிக்கும்போது சுவர் ஒருவருடையது, தரை நால்வருடையது என்று நிற்கும். உதவிய ஜமாஅத்தும் அந்த வழக்கில் சாட்சியாக அலையும். அதனால் முதல் செங்கல் வைக்கும் முன் நாலு வரி எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடட்டும்: மனையைப் பிரித்துக்கொள்கிறோமா, இவருக்கு விட்டுக்கொடுக்கிறோமா, பங்கின் விலையைப் பிறகு வாங்கிக்கொள்கிறோமா. வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். தங்கைகளிடம் வாய்வார்த்தையாக, விட்டுக் கொடுத்துடும்மா, அண்ணன் கஷ்டத்துல இருக்கான் என்று சாம்பல் ஆறுமுன் கேட்டு வாங்குவது மனமொப்பிய விட்டுக்கொடுத்தல் ஆகாது. ஆறு மாதம் கழித்து, பங்கின் மதிப்பைச் சொல்லிக் கேளுங்கள். அப்போதும் கொடுத்தால் அது அவர்களின் ஸதகா.

கேட்கப்படும் சில மஸ்அலாக்கள்

வசூல் தேவைக்கு மேல் வந்துவிட்டால்? கபீஸா (ரலி) அவர்களின் ஹதீஸ் வைத்த எல்லை, வாழ்க்கைக்குத் தாங்கலாக ஒன்று கிடைக்கும்வரை என்பது. அந்த எல்லை வந்ததும் கேட்பதை நிறுத்திவிட வேண்டும். அறிவிப்புச் செய்யும்போதே, மிஞ்சினால் இதுபோன்ற வேறொரு குடும்பத்துக்குக் கொடுப்போம் என்று சொல்லிவிட்டால் பிறகு குழப்பமில்லை. சொல்லவில்லை என்றால் கொடுத்தவர்களிடம் கேட்க வேண்டும். பள்ளிவாசலுக்கு ஏ.சி. வாங்க அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது.

கணவர் இறந்து இத்தாவில் இருக்கும் பெண்ணின் வீடு எரிந்தால்? அவர் தாராளமாக வேறு வீட்டுக்குப் போகலாம். வீடு இடிவது, எரிவது, உயிருக்கு அச்சம் ஆகியவை இடம் மாறுவதற்கான காரணங்கள் என்று எல்லா மத்ஹப் நூல்களிலும் உள்ளது. போன இடத்தில் மீதி நாட்களை இருந்துகொள்வார். தீ வந்த நேரத்தில் வெளியே ஓடி வரலாமா என்று ஒரு பெண்மணி நம்மிடம் கேட்டதுண்டு. அந்தக் கேள்வியே வரும்படி பயான் செய்த குற்றம் நம்மைச் சேர்ந்தது.

இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கச் சொன்ன ஹதீஸ்கள் மின்விளக்கு உள்ள நமக்கும் பொருந்துமா? மதீனாவில் ஒரு வீடு இரவில் ஆட்களோடு எரிந்த செய்தி வந்தபோது, தீ உங்களுக்குப் பகை, தூங்குமுன் அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னார்கள். எலி திரியை இழுத்துக்கொண்டு போய் வீட்டைக் கொளுத்திவிடும் என்ற காரணத்தையும் இன்னொரு அறிவிப்பில் சொன்னார்கள். ஆபத்து எதில் இருக்கிறதோ அதுதான் நோக்கம். இன்று அது ரெகுலேட்டரை மூடுவது, கொசுவர்த்தியை மெத்தைக்கு அருகில் வைக்காமல் இருப்பது, பேட்டரியைப் படுக்கும் அறையில் சார்ஜ் போடாமல் இருப்பது, எலி கடித்த ஒயரை மாற்றுவது. எலி மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

அரைகுறையாக எரிந்த குர்ஆன் பிரதிகளை என்ன செய்வது? முதலில் பதறிப் போய் அழ வேண்டாம். வேண்டுமென்று யாரும் செய்ததல்ல. ஓத முடியாதபடி சேதமானவற்றைச் சுத்தமான துணியில் சுற்றி, மனித நடமாட்டமில்லாத சுத்தமான இடத்தில் ஆழமாகக் குழி தோண்டி அடக்கலாம். பெரும்பாலான ஜமாஅத்துகள் மையவாடியின் ஓரத்தில் இதற்கென்று இடம் வைத்திருக்கின்றன. பள்ளி முஅத்தினிடம் கொடுத்தால் அவர் பார்த்துக்கொள்வார்.